மஜீத் காக்காவின் தோணிகள்

என் செல்ல அப்பா,

போன கிழமை உங்களுடைய ஆண்டுத் திவசம் முடிந்தது. தம்பி கட்டாரிலிருந்து வந்திருந்தான். கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துப் படைத்தோம். இதோடு கடிதத்தை முடித்துவிட முடிந்தால் நல்லது. முடியவில்லை. உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீனவர் சங்கத்துக்குப் புதுக் கட்டிடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே உங்கள் படத்தை மாட்டி, கீழே ‘ஊரைக் காத்தவர்’ என்று எழுதப்போவதாக வந்து சொன்னார்கள். சண்டைக் காலத்தில் எதிர்க்கரைத் தோணிகளை எரித்து, ஆமி வாவியைக் கடந்து வராமல் தடுத்தீர்கள் அல்லவா? எரிந்தவை வெறுந்தோணிகள், ஒருவருக்கும் காயமில்லை என்று நீங்கள் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அதை நானும் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தோணிகள் மஜீத் காக்காவுடையவை. எதிர்க்கரை முஸ்லிம் ஊர்க்காரர்; நீங்கள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைத்து, ஒரே வலை இழுத்தவர். அதற்கு முந்திய வருடங்களில் நம் ஊரை ஆமி சுற்றி வளைத்தபோது, பெண்களையும் பிள்ளைகளையும் அக்கரைக்கு ஏற்றிப் போனதும் அதே தோணிகள்தான். அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு ஏறினாராம். அதனால்தான் படத் திறப்புக்கு அவரையும் அழைக்கலாம் என்று போனேன். பழைய கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன்.

காக்கா வாசலில் கதிரை போட்டு இருத்தினார். ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனாள்.

“படத்துக்குக் கீழ என்ன எழுதப் போறாங்க, மகள்?”

சொன்னேன்.

“ஒங்கட வாப்பா அண்டைக்குக் காலையில வந்தாரு. ‘காக்கா, தோணியெல்லாத்தையும் எங்கட கரைக்குத் தாங்க, இல்லாட்டி இயக்கப் பெடியள் எரிக்கச் சொல்றானுகள்’ எண்டாரு. ஆமிக்கும் குடுக்கமாட்டன், ஒங்களுக்கும் குடுக்கமாட்டன், என்ட கரையிலேயே கிடக்கட்டும் எண்டு சொன்னன். என்ட சொல்ல நம்பிட்டாரெண்டுதான் நினைச்சன். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாரு.”

அன்று மாலையே நீங்கள் போனீர்கள். மஃரிப் தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போயிருந்த நேரம். ஆனால் காக்காவின் தம்பி ஹனீபா காய்ச்சலில் தொழப் போகவில்லை. காற்றுக்காகத் தோணிக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தார். தோணிகள் ஒன்றோடொன்று கட்டிக் கிடந்ததால், ஒன்றில் வைத்த தீயில் எல்லாமே எரிந்தன, அவரும்.

“தம்பிட மையத்தைக் குளிப்பாட்டக்கூட ஏலாமப் போச்சு,” என்றார் காக்கா. பிறகு அவரே என்னைத் தேற்றினார். “அழாதங்க மகள். ஆள் கிடக்கிறது தெரியாமத்தான் நடந்திரிக்கும். அவர் அப்படிப்பட்ட ஆளில்ல.”

‘தெரியாம’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இக்கரைக்கு வந்தேன். கூட இருந்தவர் வாயாலும் அதைக் காதாரக் கேட்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு உங்களோடு கம்பு ஊன்றித் தோணி தாங்கிய சின்னத்தம்பி மாமாவிடம் போனேன். அப்பாவுக்குத் தெரியாது தானே மாமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இருமல் கேட்டது, புள்ள. ‘அண்ணன், ஆள் கிடக்கு போல’ எண்டன். அவருக்கும் கேட்டதுதான். ‘பெடியள் பாத்துக்கொண்டு நிக்கிறானுகள், இனித் திரும்ப ஏலா’ எண்டிட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பத்தவச்சு எறிஞ்சார்.”

ஆமி பிறகு றோட்டால்தான் வந்தது. அதற்குத் தோணி தேவைப்படவில்லை. அது உங்களுக்குத் தெரிந்தபோது என்ன நினைத்தீர்கள் அப்பா? இத்தனை வருடமும், வாவியைப் பார்த்த வீட்டில், எப்படி இருந்தீர்கள்?

சங்கக் கூட்டத்தில் எழும்பி, அன்றைக்கு ஒரு மனிதர் எரிந்து செத்தார், இந்தப் படம் இங்கே வேண்டாம் என்றேன். தலைவர், “அந்த நேரம் வேற வழி இருக்கல்ல. இப்ப ஏன் கிண்டுறாய்?” என்று சத்தம் போட்டார். தம்பி எல்லாருக்கும் முன்னால், “செத்த மனிசனை ஏனக்கா அவமானப்படுத்துறீங்க?” என்று கேட்டான். கட்டாருக்குத் திரும்பும்போது என்னிடம் ‘போயிட்டு வாறன்’ என்றுகூடச் சொல்லவில்லை. படத்தைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கூட்டத்திலும் இருமலைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைக் காப்பாற்றினேனா, என்னையா?

உங்களுக்குப் பின்னால் துவக்கை நீட்டி நின்ற பெடியளை நான் மறக்கவில்லை. நீங்கள் மறுத்திருந்தால் நான் அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பேன். எனக்குத் தேத்தண்ணி தந்தவள் அப்படித்தான் வளர்ந்தாள். அவள் பரீனா, ஹனீபாவின் மகள். புறப்படும்போதுதான் காக்கா சொன்னார். அவளுக்கும் என் வயதுதான்.

தெரியாமல் நடந்தது என்றே அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளிடம் போகிறேன் அப்பா. தோணிக்குள் ஆள் கிடப்பது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லப்போகிறேன். என்னை உள்ளே கூப்பிடுவாளோ, கதவைச் சாத்துவாளோ தெரியாது. வாசலில் நின்றாவது சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

இன்னும் உங்கள் மகளாகவே இருக்கும்,
மூத்தவள் தவமணி