லாப்டாப்புக்குக் குளிராது

இன்று காலை உன் லாப்டாப் தடியனை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கோல்டு ரூமை விட்டு அது லேசில் வெளியே வராது என்று உனக்குத் தெரியும். சர்வீசுக்கு அனுப்புவதற்காக லாரி ஏற்றும் இடத்தில் ஒரு மேசைமேல் வைத்திருந்தார்கள். நான் கோப்பியோடு அந்தப் பக்கம் போனபோது அதன் மூடி முழுக்க வேர்த்திருந்தது. விளிம்பில் திரண்ட தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. குளிரிலிருந்து எடுத்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும், சூடு ஏறும்வரை பிரிக்கக் கூடாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறோம். யார் காதில் வாங்குகிறார்கள்? லாரி டிரைவர் ஆசையாகப் பட்டனை அழுத்தப் போனார். "அமுக்காதீங்கண்ணே, ஆன் பண்ணா உள்ள இருக்கிற தண்ணியிலேயே செத்துரும்" என்று நான் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார். நீ போடும் சத்தம் அது. என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே திக்கென்றது. கோப்பி ஆறிப்போய்விட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், வேலை முடிந்துதான் உட்கார முடிந்தது.

புக்கிட் ரம்பாயில் இந்தக் குளிர்க்கிடங்குக்கு நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வேலைக்கு வந்தோம். நான் பாயா ரும்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன், நீ அலோர் காஜாவிலிருந்து கம்பெனி வேனில். உன் வாப்பாவுக்கு மளிகைக் கடை இருந்தும் ஏன் இந்த ஐஸ்பெட்டியில் வந்து கிடக்கிறாய் என்று கேட்டேன். "கடையில உக்காந்தா வர்ற போறவங்க எல்லாம் மாப்பிள்ளை பேசுறாங்க லா. அங்க மைனஸ் இருபதுல எவனும் பேச மாட்டான்" என்றாய். பிறகு நீயே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாய், அது வேறு கதை.

நீ உள்ளே, நான் வெளியே. உறைந்த கோழி, இறால், ரொட்டி சானாய் என்று பேலட் பேலட்டாக அடுக்கியிருப்பதை நீ எண்ணி லாப்டாப்பில் பதிய, அது ஒரு வரியாக வெளியே என் திரையில் வந்து விழும். அதை வைத்து நான் லாரிக்குச் சீட்டுப் போடுவேன். வேலை அவ்வளவுதான். ஆனால் நாளாக ஆக, நான் அந்த வரிகளைச் சரக்குக் கணக்காகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு வரி விழுந்தால் நீ நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் விழவில்லை என்றால் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

முதலில் கொடுத்தவை சாதாரண லாப்டாப்புகள். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே திரையில் எழுத்து இழுபடும். பாதிக்கு மேல் பேட்டரி இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்து பொசுக்கென்று அணைந்துவிடும். அணைந்தால் நீ வெளியே வந்துவிடுவாய். கையுறையைக் கழற்றி, மைலோ கலக்கிக் குடித்து, மூக்கு நுனி பழைய நிறத்துக்கு வரும்வரை என் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசுவாய். "பேட்டரி போச்சு பாஸ்" என்றால் சூப்பர்வைசரால் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் தடியன் வந்தான். தடித்த உடம்பு, நான்கு மூலையிலும் ரப்பர், கையுறையோடு தொட்டாலே கேட்கும் திரை. தள்ளுவண்டியில் பூட்டி உள்ளே விட்டார்கள். "எங்க மாமி மாதிரியே இருக்கு. தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று நீதான் பெயர் வைத்தாய்.

இருந்தாலும் உனக்கு அதன்மேல் இரக்கம். நாமெல்லாம் வெயிலில் பிறந்தவர்கள். குளிர் என்றால் அது ஆளை அடிக்கிற ஒன்று, சூடு என்றால் ஆறுதல், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். கோப்பி நேரம் வந்ததும் வண்டியிலிருந்து கழற்றி, "நாம மட்டும் சூடு காய்ஞ்சா பாவம் இல்லையா" என்று உன் பழைய பாத்திக் சாரோங் கைலியில் சுற்றி, சாப்பாட்டு அறையில் சோறு வேகும் பானைப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாய். குளிப்பாட்டிய பிள்ளையைத் துடைப்பதுபோல் துடைப்பாய். நானும் சேர்ந்து துடைத்திருக்கிறேன். அது ஒரு நாள் திரைக்குள்ளேயே பனி பூத்து, கண்ணைத் திறக்காமல் போயிற்று. அடுத்து வந்ததற்கும் அதே பணிவிடை, அதே கதி. குளிர் தாங்காத சாமானை விற்றவன் நம் தலையில் கட்டிவிட்டான் என்று கம்பெனியில் எல்லோருக்கும் கோபம்.

டெக்னீஷியன் வந்து பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "குளிர்ல இது ஜாலியா இருக்கும்மா. உள்ளயே ஹீட்டர் இருக்கு. நீங்க வெளிய எடுத்ததுதான் தப்பு. நம்ம ஊர்க் காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் சில்லுன்னு இருக்கிற பொருள்மேல தண்ணியா உக்காந்துரும். சும்மா விடுங்க, உள்ளயே கிடக்கட்டும்" என்றார். பேட்டரியை மட்டும் வெளியே சார்ஜ் ஏற்றி மாற்றச் சொன்னார். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், லாப்டாப்பை வெளியே எடுக்கக் கூடாது என்று. மூன்றாவதாக வந்த தடியன் உள்ளேயே தங்கிவிட்டது.

அந்த நோட்டீஸ் உன்னையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. நீ வெளியே வந்தால், தொட ஆளில்லாமல் தடியன் தூங்கிவிடும். தூங்கியதை எழுப்பினால், ஹீட்டர் சூடேறி முடிக்கும்வரை திரை வராது. அந்த நேரத்தில் லாரி நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் அது தூங்காமல் இருக்க நீ உள்ளேயே நின்றாய். பேட்டரி போச்சு என்று சொல்லவும் வழியில்லை, மாற்றுப் பேட்டரி இடுப்புப் பையில் இருந்தது. "அதுக்கு ஹீட்டர் இருக்கு. எனக்கு ரெண்டு சுவெட்டரும் ஒரு துடோங்கும்தான் லா" என்று தலை முக்காட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பின் முடிவில் ஒரு இருமல் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருமல் நிற்கவே இல்லை. வேனில் போகும்போதும் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாய் என்று உன்னோடு வருகிறவர்கள் சொன்னார்கள். நான் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ட்ரி எல்லாம் நல்லாத்தானே வருது" என்றார். மறுபடி போனேன், மறுபடியும் அதே பேச்சு. உன்னிடம் சொன்னால், "ஆஸ்துமா சின்ன வயசிலேருந்து இருக்குடி, சும்மா பயந்து சாகாதே" என்பாய். நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட மனம் அந்தத் திரையில்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் வரிகள் நின்றுவிட்டன. வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஜாக்கெட்டைத் தேடக்கூடத் தோன்றாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். நீ ஒரு காலி பேலட்டில் குந்தியிருந்தாய். உதடு வெளிறி, கண் இமையில் பனி. என்னைப் பார்த்ததும் கேட்டாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

"தடியன் தூங்கிட்டானா?"

உன்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தேன். இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். குளிர் அறையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கும் படிப்பு இல்லை. உன்னை அடக்கம் பண்ண எடுத்த அன்று அலோர் காஜா வீட்டுக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். கையைத் தொட மட்டும் துணிவு வரவில்லை. குளிர்ந்திருக்கும் என்று தெரியும்.

உன் இடத்துக்கு இப்போது செல்வி வந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைக்காரி, பேச்சு குறைவு, எதற்கும் "சரிக்கா" என்பாள். தடியனை லாரியில் ஏற்றிய கையோடு, அதே மாதிரி புதிது ஒன்றை அவளிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். இது இன்னும் அதிகக் குளிர் தாங்குமாம். சூப்பர்வைசர் அதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். 

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரிகள் மெதுவாயின. பிறகு ஒன்றும் வரவில்லை. பேட்டரி மாற்றுகிறாளாக இருக்கும், சரிந்த பெட்டியை அடுக்குகிறாளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

செல்வி வண்டி பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றி விரல்களை அக்குளில் செருகியிருந்தாள். விரல் மடங்கவில்லை, ஸ்கேனரைப் பிடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "லாப்டாப் ஓகேக்கா, நல்லா ஓடுது. நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்றாள்.

"லாப்டாப்பைப் பார்க்க நான் வரல. வா வெளிய."

"தூங்கிருமேக்கா."

"தூங்கட்டும்."

வெளியே அழைத்து வந்து அவள் கையில் சூடான மைலோவைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் வேகமாக வந்தார். லாரி காத்திருக்கிறது, லாப்டாப் எங்கே என்று கேட்டார்.

"உள்ள இருக்கு பாஸ். அதுக்குக் குளிராது. இவளுக்குக் குளிருது. விரல் மடங்கினதும் போவா. இனிமே அரைமணிக்கு ஒருதரம் நானே போய்க் கூட்டியாருவேன்."

அவர் செல்வியின் கையைப் பார்த்தார். முகத்தைக் கோணிக்கொண்டு, லாரி டிரைவரிடம் காத்திருக்கச் சொல்லப் போனார். நாளைக்கு மானேஜரைக் கூட்டிக்கொண்டு வருவாரோ, என் வேலைக்கு வேட்டு வைப்பாரோ, தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சும்மா பயந்து சாகாதே என்று நீ சொல்வாய். பயத்தை விட மாட்டேன்டி. உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். நாளைக்கும் இதைத் தூக்கிக்கொண்டுதான் அந்தத் திரைக்கு முன்னால் போய் உட்காருவேன்.