ஆறாவது குறிப்பு

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீயாக எழுதப் போவதில்லை. போன் பண்ணினால் "ம்" என்கிறாய், "சரி அண்ணி" என்கிறாய். அதற்கு நான் சுவரோடு பேசிவிடலாம். அதனால்தான் கடிதம்.

வருகிற மார்ச் இருபதோடு என் தம்பி போய் ஐந்து வருடம். நினைவு நாள் கூட்டத்துக்கு அதே மண்டபத்தைத்தான் பிடித்திருக்கிறேன். மேடையில் என் பக்கத்தில் உனக்கு நாற்காலி. வழக்கம்போல இரண்டு நிமிடம் படித்தால் போதும். போன வருடம் மாதிரி படித்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காராதே. கட்டினவளே ஒதுங்கி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நம் 'தம்பி நினைவு அறக்கட்டளை'யில் இப்போது பதினோரு கட்டில்கள் இருக்கின்றன. தலைமாட்டைத் தூக்கக் கைப்பிடி வைத்த கட்டில்கள். புற்றுநோய் முற்றிப்போய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, அவர்களுக்கு நம்மை விட்டால் யார்? இரவல் போய்த் திரும்பி வந்த கட்டில்கள் என் கூடத்தில்தான் கிடக்கின்றன. சாப்பிட உட்கார இடமில்லை என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். நின்றுகொண்டே சாப்பிடட்டும், தொப்பையாவது குறையும். போன வாரம் ஒரு தையல்காரர் வீட்டுக்கு, மூன்றாவது மாடி, கட்டிலைப் பிரித்து ஒரு பக்கம் நானே தூக்கினேன். ஐம்பத்தாறு வயதில்! இடுப்பு இன்னும் என்னோடு பேசவில்லை.

கட்டிலோடு கொடுக்கிற கையேட்டை இந்த வருடம் புதிதாக எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதி இதோடு இருக்கிறது. உன் அச்சகத்தில் இரண்டாயிரம் பிரதி போட்டுக் கொடு. முகப்பில் வழக்கம்போல அவன் படமும் அவன் கடைசியாகச் சொன்னதும் இருக்கட்டும். "அக்கா, எல்லாரையும் நீதான் பாத்துக்கணும்." அதில் மட்டும் கை வைக்காதே.

உன் அண்ணி

---

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் கையெழுத்துப் பிரதியும் கிடைத்தன. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாடி ஏறுவதற்குக் கூலி ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் ஐந்து குறிப்புகளையும் பார்த்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பது, பார்க்க வருகிறவர்களை நோயாளி எதிரில் அழவிடாமல் இருப்பது. எல்லாம் போன வருடம் இருந்தவைதான். ஆறாவது மட்டும் புதிது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"கடைசி நாள் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நோயாளியின் மனைவியையோ கணவனையோ எந்தச் சாக்குச் சொல்லியும் வெளியே அனுப்பாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது."

பதினேழு வருடமாக அச்சுப் பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கிறேன். கேள்விப்பட்டு எழுதினது எது, பட்டு எழுதினது எது என்று எனக்குத் தெரியும். இந்தக் கையேட்டில் பட்டு எழுதினது இது ஒன்றுதான். இது உங்களுக்கு எங்கே கிடைத்தது அண்ணி?

சின்னவள்

---

பிப்ரவரி 14

அன்புள்ள சின்னவளுக்கு,

உன்னை மெய்ப்புத்தான் பார்க்கச் சொன்னேன், விசாரணை நடத்தச் சொல்லவில்லை. நாலு வீடு ஏறி இறங்குகிறவளுக்கு நாலு விஷயம் தெரியும். ஒரு வீட்டில் மாமியார்க்காரி மருமகளை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன். அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பு உனக்கு உறுத்தினால் எடுத்துவிடு. ஐந்தே போதும்.

எதற்கெடுத்தாலும் என்னைச் சந்தேகமாகவே பார்க்கிறாய். நீ அவனோடு வாழ்ந்தது நாலு வருடம். அம்மா போனபோது அவனுக்கு வயது நாலு. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டவள் நான். பதினேழு வயதில் நான் அவனுக்கு அம்மா. இதை நான் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தகவல் சொல்.

அண்ணி

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அவரை வளர்த்ததை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. அறக்கட்டளைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஊருக்கெல்லாம் தம்பியாகிவிட்டார். என் கணவராக எங்கேயும் அச்சாகவில்லை.

அன்றைக்கு மதியம் இரண்டு மணி. வராந்தாவில் டாக்டரோடு பேசிவிட்டு உள்ளே வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். சிரித்தீர்கள். "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். நீ போயி அந்த நீலச் சட்டைய இஸ்திரி போட்டு எடுத்துட்டு வா. இந்தக் கோலத்துலயா அவன் வீட்டுக்கு வரணும்?" என்றீர்கள். நான் சந்தோஷமாக ஓடினேன் அண்ணி. வீட்டில் கரண்ட் இல்லை. வந்ததும் போடலாம் என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலரை இரண்டு முறை தேய்த்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது நாலரை. கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டையைத்தான் அவருக்குக் கடைசியாகப் போட்டோம். மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டே கேள்வி. டாக்டர் உங்களிடம் மதியமே சொல்லிவிட்டாரா? என் கணவர் என்னைக் கேட்டாரா? எல்லோரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஐந்து வருடமாக மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாமல் நான் மேடை ஏற மாட்டேன். கையேடும் என் மேஜையை விட்டு நகராது.

சின்னவள்

---

மார்ச் 3

சின்னவளே,

பத்து நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

சொல்லிவிட்டார். சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று மதியமே சொல்லிவிட்டார்.

உனக்குத் துரோகம் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எது கேட்டாலும் "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்பான். ஆஸ்பத்திரியிலும் நீதான் கஞ்சி கொடுக்க வேண்டும், நீதான் தலையணை சரி செய்ய வேண்டும். நான் வெளி ஆள் மாதிரிப் பழத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், அவன் எனக்கு மட்டும் தம்பியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சட்டை என்பது வாயில் வந்த பொய். போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

கேட்டான். "அவ எங்க?" என்றான். "வந்துட்டே இருக்காடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அவ எங்க?" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவன் கண் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தேன், திரும்பவே இல்லை. உன்னை அனுப்பியும் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லோரையும் பார்த்துக்கொள் என்று அவன் சொல்லவில்லை. முதல் வருடக் கூட்டத்தில் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார்கள். வாயில் வந்துவிட்டது. பிறகு அச்சாகிவிட்டது. அச்சானதை எப்படி இல்லை என்பது?

காலில் விழச் சொன்னால் விழுகிறேன். ஊருக்குத் தெரிய வேண்டாம். என்னை நம்பித்தான் நாலு பேர் கட்டில் வாங்கிக் கொடுக்கிறார்கள். பேர் கெட்டால் கட்டிலும் போய்விடும். ஆறாவதை எடுத்துவிடு. விழாவுக்கு மட்டும் வந்துவிட்டுப் போ.

அண்ணி

---

மார்ச் 16

அண்ணிக்கு,

ஒவ்வொரு வருடமும் அந்தப் பொய்யை என் கையாலேயே மெய்ப்புப் பார்த்துச் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அன்றைக்கு என்னை வெளியே அனுப்பினதைக்கூட என்றைக்காவது மறந்துவிடுவேனோ என்னவோ. இதை மறக்க முடியாது.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கரண்ட் வருமா என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எந்த மன்னிப்பில் கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேடவும் போவதில்லை. கட்டில்கள் நல்ல கட்டில்கள். தொடர்ந்து கொடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும்தான்.

விழாவுக்கு நான் வரவில்லை. இனி எந்த வருடமும் வர மாட்டேன். என் நாற்காலியை எடுத்துவிட வேண்டாம், மேடையில் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாயிரம் பிரதிகளும் பார்சலில் வருகின்றன. ஆறாவது குறிப்பை எடுக்கவில்லை, முதலாவதாக மாற்றியிருக்கிறேன். முகப்பில் அவர் படம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே அவர் கடைசியாகச் சொன்னதைத் திருத்தியிருக்கிறேன். "அவ எங்க?" என்றுதான் இருக்கும். காலி நாற்காலியைப் பார்த்து யாராவது அதையே கேட்டால், அவருக்குச் சொன்ன பதிலையே சொல்லிவிடுங்கள்.

அச்சுப் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி