அச்சேறாத ஏழு பக்கங்கள்

அக்டோபர் 3
ஓவியர் இன்றும் வந்தார். மாநில உச்ச நீதிமன்றக் கூடத்தில், ஓய்வுபெற்ற நீதிபதிகளின் வரிசையில் என் படமும் தொங்கப்போகிறது. கையில் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைத் திணித்து, "திறக்க வேணாம் ஜட்ஜ், பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார். என் பத்தொன்பது ஆண்டுப் பதவியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அக்டோபர் 9
நடீன் கோல்ப் தொலைபேசினாள். அந்தக் காலத்தில் என் சட்ட உதவியாளர். இப்போது கைதிகளுக்காக வாதாடுகிறாள். டேல் விக்ஸ்ட்ரமின் மனு அடுத்த மாதம் தண்டனை மன்னிப்புக் குழுவின் முன் வருகிறதாம். தானியக் கிடங்குக்குத் தீ வைத்துக் காவலாளியைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. சிறையில் இது முப்பத்தோராம் ஆண்டு. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக உறுதிசெய்தோம் என்றேன்.

"ஒருமனதாவா? நீங்க எழுதின மாறுபட்ட தீர்ப்பை நான்தானே ஜட்ஜ் டைப் அடிச்சேன்? ஏழு பக்கம்."

"நல்ல ஞாபகம் உனக்கு."

"உங்களுக்கு?"

அக்டோபர் 10
இருக்கிறது. ஒரே சாட்சி, டேல் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன, சிறையில் பக்கத்து அறைத் திருடன். சாட்சி சொன்ன மறுவாரம் விடுதலையானான். அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த நவம்பரில், நான் பதவியில் நீடிக்கலாமா என்று மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. தீ வைத்தவனுக்குப் பரிந்தவன் என்று துண்டறிக்கை அடிக்கமாட்டார்களா? — ஏழு பக்கத்தையும் திரும்பப் பெற்றேன். எழுபத்தெட்டு சதவீதம் பேர் என் நேர்மைக்கு வாக்களித்தார்கள்.

அக்டோபர் 12
ஆர்டிஸிடம் சொன்னேன். ஐம்பது ஆண்டு மனைவி. உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"அதை வெளியிட்டிருந்தா தோத்திருப்பியா, ஆர்லோ?"

தெரியாது என்றேன்.

"தெரியாத ஒண்ணுக்காகவா அவன் உள்ள கிடக்கான்?"

அக்டோபர் 13
ஏழு பக்கத்தையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் நடீனுக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 24
தலைமை நீதிபதி தொலைபேசியில் பேசினார். "கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினதை வெளிய சொல்ற வழக்கம் நமக்குக் கிடையாதே, ஆர்லோ. அப்புறம் உங்க படம்... அந்தச் சுவர்ல கொஞ்சம் ஈரமாம். தள்ளி வச்சிருக்கோம்."

ஆகஸ்டிலிருந்து இங்கே மழை இல்லை.

நவம்பர் 2
முதல் பனி. வாசல் பாதையில் கிடந்ததை ஒதுக்கினேன். யாரும் வரவில்லை.

நவம்பர் 14
மன்னிப்புக் குழுவில் மூன்று பேர். "அப்பவே ஏன் சொல்லல?" என்றார் தலைவர். தேர்தல் இருந்தது என்றேன். அவருக்கும் அடுத்த ஆண்டு தேர்தல், பரிவோடு தலையாட்டினார். இரண்டுக்கு ஒன்று. மனு தள்ளுபடி. மாறுபட்டு வாக்களித்த பெண்மணி, தன் காரணத்தைப் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும் என்று நின்றார்.

டேலை இன்றுதான் முதல்முறை பார்த்தேன். எங்கள் நீதிமன்றத்துக்குக் காகிதம்தான் வரும், ஆள் வருவதில்லை. கைவிலங்கோடு என் முன்னால் நின்றான்.

"போன தடவை ஏழுக்கு பூஜ்யம். இந்தத் தடவை ஒரு ஓட்டு இருக்கு. பரவால்ல, ஜட்ஜ்."

டிசம்பர் 2
அடுத்த மனு மூன்று ஆண்டு கழித்துத்தான். அப்போது அவனுக்கு எழுபது, எனக்கு எண்பத்தேழு. பிரமாணப் பத்திரத்தை மறுபடி எழுதி, நான் இல்லாவிட்டாலும் படிக்கும்படி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். நோட்டரிப் பெண் மனு வரும் தேதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூணு வருஷம் கிடக்கே சார், என்ன அவசரம்?"