மூன்றாவது போர்ட்

மார்ச் 4, 1991, திங்கள்

எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பி, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் இன்று மூன்றாவது போர்ட்டுக்கான கார்டு மாட்டினேன். கம்ப்யூட்டரில் வெளி ஒயர் செருக இருக்கும் இரண்டு போர்ட்டில் ஒன்றை ரத்த அணு எண்ணும் மெஷினும், இன்னொன்றை வார்டுக்குப் போகும் லைனும் பிடித்துக்கொண்டுவிட்டன. சர்க்கரை, உப்பு பார்க்கும் புது மெஷினுக்கு இடமில்லை. கார்டை எந்த எண்ணில் வைப்பது என்று தீர்மானிக்க, அதில் நகக்கண் அளவுக்கு ஜம்பர் என்ற செருகிகள். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்துச் செருகினேன். பழைய மெஷினை ஓட்டினேன், திரையில் எண் வந்தது. நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டினேன், வந்தது. படிவத்தில் இரண்டு டிக். வேலை முடிந்தது.

லேப் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். அக்கா விடுவாளா? "என் தம்பிதான் போட்டான், டாக்டர்." எனக்குக் காது சூடாகிவிட்டது. பெருமைதான், வேறென்ன.

மார்ச் 12, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். "ரெண்டு மெஷினும் ஒண்ணா ஓடும்போது ஒண்ணு பேசாம நின்னுடுதுடா. ரிசல்ட் வரவே மாட்டேங்குது."

போனேன். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "ஒண்ணா ஓட்டிப் பாருடா" என்றாள். எனக்கு அதற்கு மேல் இரண்டு இடம் போக வேண்டியிருந்தது. "நீ எதையாவது தட்டியிருப்பே அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேனேஜர் குதிப்பார். 'இயக்குபவர் தவறு' என்று எழுதினேன். வேறொன்றும் கிடைக்காதபோது எல்லா இடத்திலும் எழுதுவதுதான்.

மார்ச் 21, வியாழன்

அக்காவிடமிருந்து போன் இல்லை. மெஷின் ஓடுகிறது போல.

ஏப்ரல் 3, புதன்

ஓடவில்லை. அத்தான் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு நோயாளியின் சர்க்கரை ரிசல்ட் வார்டுக்குப் போகவே இல்லை. ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. விசாரணையில் அக்கா, மெஷினில்தான் கோளாறு என்றாளாம். பெரிய டாக்டர் என் ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். "இதை எழுதினது உங்க தம்பிதானேம்மா?"

பதினோரு வருஷம் லேபில் இருந்தவளை ரத்தம் எடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த லேபில் இயக்குபவர் என்றால் அவள் ஒருத்திதான். எழுதும்போது இது என் மண்டையில் ஏறவில்லையே — ஏறியிருந்தால் எழுதியிருக்க மாட்டேனா? தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

கார்டோடு வந்த தடிப் புத்தகத்தை இன்றுதான் பிரித்தேன். அதுவும் சும்மா இருக்க முடியாமல்.

தகவல் வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு மணி உண்டு. பழைய மெஷின் இருக்கும் முதல் போர்ட்டின் மணி நான்காம் எண். நான் ஜம்பர் செருகிய மூன்றாவதுக்கும் அதே நான்கு. இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி. தனித்தனியாக ஆள் வந்தால் தொந்தரவு இல்லை. ஒன்றாக வந்தால் ஒருவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

"ஒண்ணா ஓட்டிப் பாருடா." ஐந்து நிமிஷ வேலை. பாவி, ஐந்தே நிமிஷம்.

ஏப்ரல் 8, திங்கள்

சும்மா பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி லேபுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து ஜம்பரை நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றினேன். புரோகிராமிலும் மாற்றிவிட்டு, முதல் முறையாக இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன். இரண்டிலிருந்தும் எண்கள் வந்தன.

ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன்? 'தூசி துடைக்கப்பட்டது.' அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாக இருக்கிறார்கள். அது ஆகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தொடைநடுங்கி.

ஏப்ரல் 29, திங்கள்

பெரிய டாக்டர் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். மேனேஜரிடம் சொல்கிறார்: "ஆளை மாத்தினதும் பாருங்க, மெஷின் ஒரு நாள்கூட நிக்கல."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் ஸ்க்ரூடிரைவரோடு. நான் சத்தமில்லாமல் சரிசெய்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பினேன்.

மே 2, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். நீ வந்துட்டுப் போன மறுநாளே, லேபில என் இடத்துக்கு வந்த புதுப்பொண்ணு சொன்னா, இப்ப ரெண்டும் ஒண்ணா ஓடுது அக்கான்னு."

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன் வேலை போயிடும். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்." ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள். "மூணு வாரம் பார்த்தேன்டா."

மே 3, வெள்ளி

நடந்தது முழுவதையும் எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். படித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று ஃபைலில் வைத்தார். மேனேஜர் அரை மணி நேரம் கத்தினார். வேலை போகவில்லை. நான் பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை.

அக்காவைத் திரும்ப லேபுக்கு வரச் சொன்னார்களாம். "இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அதே லேபில் இன்னொரு மெஷின் சேர்க்கப் போனேன். என் படிவத்தில் இப்போது பேனாவால் போட்ட ஒரு கட்டம் இருக்கிறது: 'எல்லாம் ஒன்றாக ஓட்டியது.' அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் டிக் போட்டேன்.

வெளியே வரும் வழியில் ரத்தம் எடுக்கும் அறை. அக்கா ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கதவருகே தயங்கி நின்றேன். புதிதாக வந்த நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, "யாருக்கா இவரு?" என்று கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"கம்ப்யூட்டர் கம்பெனிலேர்ந்து வந்திருக்காங்க" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.