வலப்பக்கத்துச் சிம்பல்

மார்ச் 3

என் பாம்புக்காதுக்கு,

அண்ணன் எழுதுவது. புதுப் பாட்டின் துண்டுகளை எல்லாம் உன் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டேன். டிரம் தனி, அடியில் உறுமுகிற பேஸ் கிட்டார் தனி, அந்த மிதக்கிற கீபோர்டு தனி. வழக்கம்போல் நீ கலந்து கொடு. கேட்கிறவன் பாதித் தூக்கத்தில் நடப்பது போல இருக்க வேண்டும், ஆனால் கால் மட்டும் நிற்கக் கூடாது. எப்படி என்று என்னைக் கேட்காதே. அது உன் பாடு.

சனிக்கிழமை ரேடியோவில் என் பேட்டியைக் கேட்டிருப்பாய். "எல்லாம் நானே தனியா என் ரூம்ல உட்கார்ந்து செய்யறதுதான்" என்று வாயில் வந்துவிட்டது. மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒரு முழம் நீளும், உனக்குத் தெரியாததா? கோபித்துக்கொள்ளாதே.

பதிலைக் கடிதமாகவே போடு. போனில் இப்போதெல்லாம் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். அம்மாகூட.

உன் அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

பேட்டியை அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். "அப்போ நீ அந்த ஸ்டுடியோவுல என்னதான்டி பண்றே?" என்றாள். "ஸ்விட்ச் போடுறேம்மா" என்றேன். இரண்டு நாள் மனசு ஆறவில்லை. மூன்றாம் நாள் உன் பாட்டைத் திறந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தினால் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி, என் மூச்சே எனக்கு இரைச்சல். உன் டிரம்மும் பேஸும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. டிரம் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு கண் சிமிட்டும் நேரம் குனிந்து வழிவிடும்படி வைத்தேன். உடனே பாட்டு மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது. கீபோர்டைத் தூரத்தில், பனிக்குள் யாரோ நிற்கிற மாதிரி தள்ளி வைத்தேன். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்கள் கால்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வலப்பக்கத்துச் சிம்பலை, அந்தப் பித்தளைத் தட்டின் ஓசையை, கொஞ்சம் இறக்கினேன். மற்றபடி எல்லாம் உன்னுடையதுதான்.

ஸ்பீக்கர் முன்னால் நிற்கும்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள் என்று நான் சொல்வது எத்தனையாவது தடவை?

உன் தங்கை

ஏப்ரல் 2

என் பாம்புக்காதுக்கு,

நேற்று மதியம் ஏரிக்கரை மைதானத்தில் அந்தப் பாட்டைப் போட்டேன். மழை வரப்போகிற வெளிச்சம். நீ சொன்ன அந்த மூச்சு வந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாக இறங்கி ஏறின, காற்றுக்குப் புல் சாய்கிற மாதிரி. ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தனக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு மேடையில் வேலையே இல்லை. யாரோ காணும் கனவுக்குள் வழி தவறி வந்துவிட்டவன் போல நின்றேன்.

இன்னொரு விஷயம். அடுத்த பாட்டை வேறொரு ஒலிப்பதிவு என்ஜினீயரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றது என் பாட்டுகளை வெளியிடும் கம்பெனி. கொடுத்தேன். மனுஷன் அரை நிமிஷம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "என்ன சார், சிம்பல் காதுல ஊசி ஏத்துது! அதுவும் வலது பக்கம். உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கு ஒன்றும் குத்தவில்லை. "நான் எப்பவும் இப்படித்தான் வைப்பேன், என் தங்கச்சி ஒரு நாளும் குறை சொன்னதில்லையே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீ ஏன் சொன்னதில்லை?

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டு வருஷமாக உன் சிம்பல் ஏறிக்கொண்டே வருகிறது. முதலில் உன் ரசனை மாறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு வலப்பக்கம் மட்டும் இன்னும் ஏறியது. தனக்குக் கேட்காததைத்தான் மனிதன் கூட்டி வைப்பான். போனில் யாரும் முணுமுணுக்கவில்லை அண்ணா. உன் காதுகளில், அதிலும் வலது காதில், உச்சத்து ஓசைகள் விழுவதில்லை.

ஒவ்வொரு பாட்டிலும் நான் அதை இறக்கிச் சரிசெய்தேன். சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. நீ ஊருக்கு என்ன சொன்னாலும், நான் இல்லாமல் உன் பாட்டு நிற்காது என்று எனக்குத் தெரியும். அது எனக்கு இனித்தது. நான் கை வைக்காமல் விட்டிருந்தால், யாராவது அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நீயும் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பாய்.

இனி ஒரு நாளும் தள்ளிப் போடாதே. போய்க் காட்டு.

தங்கை

ஏப்ரல் 15

இரண்டு வருஷம். அதில் அறுபது மேடை ஏறியிருக்கிறேன். அறுபதிலும் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றேன்.

ரேடியோவில் நான் சொன்னது பொய்தான். அது பொய் என்று உனக்குத் தெரியும், உடனே கோபப்பட முடிந்தது. நீ சொல்லாமல் விட்டது என் காதைப் பற்றி. என்னிடமே.

இனி என் பாட்டைத் தொடாதே.

ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

கையெழுத்துப் போடாமல் வந்த உன் கடிதத்தை நான் அம்மாவிடம் காட்டவில்லை. நீ வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நம்புவதாகக் காட்டிக்கொள்கிறாள்.

உன் பாட்டுகள் பதினொன்றையும், நான் தொடுவதற்கு முன்னால் எப்படி இருந்தனவோ அப்படியே அனுப்புகிறேன். எந்த மாதம் எவ்வளவு இறக்கினேன் என்று தேதியோடு ஒரு தாளும் இருக்கிறது. டாக்டரிடம் கொடு. உன் காது எப்படிக் குறைந்துகொண்டே வந்தது என்று அதைப் பார்த்தால் அவருக்குப் புரியும்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு சின்னத் தப்பு இல்லை இது.

தங்கை

ஜூலை 20

என் தங்கைக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. பேனாவை எடுத்தால் சண்டைதான் வந்தது.

டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் கேட்டது. அழுத்தினேன். அப்புறம் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கோ எங்கும் பஞ்சு மாதிரி அமைதி. பயமாக இல்லை. அவ்வளவு அழகாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

டாக்டர் உன் தாளை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு துல்லியமா யாரு குறிச்சு வெச்சது?" என்றார். போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். ஆறு மாதம் மேடை கிடையாது.

உன் மேல் கோபம் முழுக்கத் தீரவில்லை. உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு பாட்டையும் நீ அனுப்பியபடியே, ஊசி ஊசியாக, அந்த என்ஜினீயரோடு உட்கார்ந்து கேட்டேன். அவர் வலித்து வலித்து முகம் சுளித்தபோது, நீ அதையெல்லாம் தனியாகக் கேட்டிருப்பாயே என்று தோன்றியது.

ஒரு பாட்டு செய்திருக்கிறேன், எனக்குக் கேட்பதை மட்டும் வைத்து. கீழே நெஞ்சில் இடிக்கிறது, நடுவில் மெதுவாக அலைகிறது, அதற்கு மேலே வெறும் வானம். அங்கே என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை ஃபைல் அனுப்பமாட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ இங்கே வா. என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். எதை ஏற்றினாலும் எதை இறக்கினாலும் என் தோளைத் தட்டிச் சொல். நான் மறுப்பேன், கத்துவேன். நீயும் கத்து. இங்கே சண்டை போட நிறைய இடம் இருக்கிறது.

உன் அண்ணன்