மாதா கடந்துபோன படலை

ஊர்காவற்றுறை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மகள் அன்ரனிட்டாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகனும் சின்னவளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆண்டவர் கிருபையால் என்று அம்மா முதல் வரியிலேயே போட்டுவிடுவாள், நான் எழுதினால் அது பொய், ஆனால் ஆசை பொய்யில்லை. போனை எடுக்கிறாய் இல்லை, பேசி அனுப்பினாலும் கேட்காமலே கிடக்கிறது, அதனால் கடதாசி வாங்கி எழுதுகிறேன். கிழித்தெறிவதானாலும் கிழிக்கும்போது நாலு வரி கண்ணில் படும்தானே.

இங்கே வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டன, கடலுக்குப் போவது குறைவு. இழுவைப் படகுகள் என் நண்டு வலையில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டன, கிழிந்த மிச்சத்தைப் பொத்திக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன். முதுகடியில் நாரி நோவுக்கு ஆஸ்பத்திரியில் களிம்பு தந்தார்கள், பூசுவதற்குக் கை எட்டவில்லை, பூசிவிட ஆளும் இல்லை. சமையல் பழகிவிட்டேன், சொதி மட்டும் திரைந்துபோகிறது. சின்னவளுக்கு வருகிற வைகாசியில் கோயிலில் முதல் நன்மை வாங்கும் பூசை என்று மருமகன் சொன்னார், அவராவது போனை எடுக்கிறார். கட்டாயம் படம் அனுப்பச் சொல். நான் நம்பாதவன் என்பதற்காகப் பேத்தி வெள்ளைச் சட்டையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா. அவளை மெல்லிய சட்டையோடு குளிரில் வெகுநேரம் நிற்க விடாதே, அவளுக்கும் உன்னைப் போல நெஞ்சுச்சளி.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். அம்மாவின் செத்தவீட்டை நீ பரிஸ் நகரத்திலிருந்து நேரலையில் பார்த்தாய். விசா கிடைக்காமல் வர ஏலாமல் போனது உன் பிழையில்லை, அதை நினைத்து இன்னும் அழுகிறாய் என்று மருமகன் சொன்னார், அழாதே. எல்லோரும் வரிசையாக வந்து பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்க, கட்டின புருஷன் நான் மட்டும் கிண்ணத்தைத் தொடாமல் விலகி நின்றதைக் கண்டாய். ஓம், தெளிக்கவில்லை. கமராக்காரப் பொடியன் உள்ளதைத்தான் காட்டினான். உன் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்திலிருந்து நான் கோயிலில் முழந்தாளிட்டதில்லை, அது அம்மாவுக்குத் தெரியாத விஷயமா. அவள் செபமாலை சொல்ல நான் பக்கத்தில் இருந்து வலை பொத்துவேன். வா என்று அவள் இழுத்ததுமில்லை, விடு என்று நான் தடுத்ததுமில்லை. உயிரோடு இருந்தவளுக்கு முன்னால் நடிக்காதவன், அவள் கண்ணை மூடின பிறகு ஊர் பார்க்கிறதே என்று நடித்தால் அது அவளுக்கு மரியாதையா, நீயே சொல்லு.

வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, ஆண்டவர் தனக்கு வேண்டியவர்களை வேளைக்கே எடுத்துவிடுவார் என்று சொன்னார்கள். உன் அண்ணனுக்கும் அதையேதான் சொன்னார்கள். அவள் எனக்கும் வேண்டியவள்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நான் அவர்களுக்காக ஆட்டின தலையை யாரும் பார்க்கவில்லை, தெளிக்காத தீர்த்தத்தைத்தான் பார்த்தார்கள்.

ஒக்ரோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வரும் முறை உனக்குத் தெரியும், சின்னதில் மெழுகுதிரி பிடித்து முன்னால் போனவள் நீ. ஒரு வீட்டில் ஒரு நாள் வைத்துச் செபமாலை சொல்லி, மறுநாள் பின்னேரம் அந்த வீட்டு ஆம்பிளைதான் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஞானசவுந்தரி வீட்டுக்கு வருஷா வருஷம் தூக்கினவன் நான்தான். நம்பாதவன் தூக்கினால் மாதா பாரமாக இருப்பாவோ என்று அம்மா பகிடி பண்ணுவாள். இந்த வருஷமும் எங்கள் முறை வந்தது. அம்மா செய்வதுபோல் முற்றம் கூட்டி, அவளுடைய அலுமாரியிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து மேசைக்கு விரித்து, இரவல் கதிரைகளும் வாங்கிப் போட்டு, சவரம் செய்துகொண்டு தெருவாசல் படலையில் நின்றேன். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். மாதாவின் முதுகைத்தான் கண்டேன்.

மறுநாள் காலமை கோயில் மூப்பர் அமலதாசிடம் போய்க் கேட்டேன். "அண்ணை, நீங்கள் கோயிலுக்கு வாறதில்லை, உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் விட்டனாங்கள்" என்றான். மரியாதையாம். நான் விடாமல் நின்றேன். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "உங்கட பிள்ளையும் பரிஸிலயிருந்து எடுத்துச் சொன்னவ. அப்பா சுவாமியாரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுமட்டும் அந்த வீட்டுக்கு மாதாவைக் கொண்டுபோகாதேங்கோ எண்டு."

அவன் வாசலிலேயே குந்திவிட்டேன் பிள்ளை. ஊர் என்னை விலக்கினால் திருப்பிக் கேட்க எனக்கு வாய் இருக்கிறது, பெற்ற மகள் விலக்கினால் யாரிடம் போய்க் கேட்பது. அது அம்மாவின் வீடு. அவள் விரித்த மேசை. என்னைத் தண்டிக்கப் போய் அவளுடைய முறையை அல்லவா நிறுத்தினாய்.

அன்று பின்னேரம் ஞானசவுந்தரி வந்தாள். செத்தவீட்டிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், கல்லு மனுஷன் என்று ஊரெல்லாம் சொன்னவளும் அவள்தான். அவளுடைய புருஷன் போன வருஷம் செத்தது உனக்குத் தெரியும், மாதாவைத் தூக்க அந்த வீட்டிலும் ஆம்பிளை இல்லை. அண்ணை நீங்கள் வந்து தூக்கித் தாங்கோ என்றாள். நான் நம்பாதவன், அது உனக்குத் தெரியாதோ என்றேன். தூக்குவதற்குக் கைதானே வேணும் என்றாள். போய்த் தூக்கினேன். அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினால், அவள் குறுக்கே நின்று, மாதா ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தவ, முதலில் அங்கே போவோம் என்றாள். கூட வந்த அமலதாஸ் உன் பேரைச் சொல்லி மறித்தான். "பிள்ளை தூரத்தில இருந்து சொல்லுது. பக்கத்து வீட்டில இருக்கிறது நான்" என்றாள். அவன் படலைக்கு வெளியே நின்றுவிட்டான், நாலைந்து பெண்கள்தான் உள்ளே வந்தார்கள். நான் சுரூபத்தை அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வாசலில் இருந்தேன், அவர்கள் செபமாலை முழுவதையும் அம்மாவுக்காகச் சொன்னார்கள். நான் செபத்தில் சேரவில்லை, ஆனால் எழும்பிப் போகவுமில்லை. முடிந்தபின் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனி காணாது என்றாள் ஞானசவுந்தரி. போகும்போது அம்மாவின் மேசையைத் தடவி, "மேரியக்கா இல்லாமல் வீடு வெறிச்செண்டு கிடக்கு அண்ணை" என்றாள். ஆண்டவரை இழுக்கவில்லை. இவ்வளவு நாளில் எனக்கு ஆறுதலாக இருந்த சொல் அது ஒன்றுதான். பதிலுக்கு, உன்ரை மனுசன் மோட்சத்தில் இருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன், அவளுக்காக அந்தப் பொய்யைக்கூடச் சொல்லியிருப்பேன். பிறகு, அவர் தங்கமான மனுசன் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே வயிற்றில் பிறந்தவர்களில்லை ஞானசவுந்தரியும் நானும், சொந்தமும் இல்லை. அவளுக்கு ஏலுமானது உனக்கு ஏன் ஏலாது என்றுதான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். உன்னுடைய செபத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே வேலையும் குளிருமாக இருக்கிற உனக்கு அது பிடிமானம் என்றால் இறுக்கிப் பிடித்துக்கொள், ஒரு நாளும் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்ய மாட்டேன். உனக்காகப் பொய் சொல்லி முழந்தாளிட்டால் உன் ஆண்டவருக்கும் அது மரியாதையில்லை.

வருகிற தை பதினாறாம் திகதி அம்மாவின் ஆண்டுப் பூசை, மறந்துவிடாதே. கோயிலுக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருப்பேன், பிறகு அம்மாவைப் புதைத்த சேமக்காலைக்கும் போவேன். தீர்த்தம் தெளிக்க மாட்டேன், பூ வைப்பேன். மருமகனையும் சின்னவளையும் வைத்துக்கொண்டு நேரலையில் பார். உனக்குப் பெலமான சுகமும் நிம்மதியான நித்திரையும் கிடைக்க வேண்டும், பேத்தி நல்லாக வளர வேண்டும், இதுதான் என்னிடம் இருக்கிற ஆசீர்வாதம். அப்பாவை மாற்றித் தரச்சொல்லித் தினமும் மாதாவிடம் கேட்கிறாயாம். மாறின அப்பாவோடுதான் பேசுவாய் என்றால் அந்த ஆளை எனக்குத் தெரியாது, அவருடைய நம்பரும் என்னிடம் இல்லை. இந்த ஆளோடு பேசுவதானால் பூசை முடிந்த கையோடு எடு, போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. சில்வெஸ்ரர்