மசோதாவில் இடம்பெறாத அண்ணிக்கு

பிரியமுள்ள எஸ்தர் அண்ணி,

சட்டம் வந்துவிட்டது. விதான சௌதாவில், சட்டசபைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். கன்னடத்தில் வாசித்தார்கள், கைகளை உயர்த்தினார்கள், அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டார்கள். நாம் இத்தனை வருஷம் அலைந்த காரியம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளைப் பார்த்துவரும் சுகாதார ஊழியருக்கு அந்த நோயே தொற்றினால், இனி வேலையைவிட்டு நீக்க முடியாது. குணமாகித் திரும்பும்வரை அவர் இடம் அவருக்குத்தான். நம் ஊழியர் சங்கத்தைத் தொடங்கியபோது நீங்கள் கேட்டது இதைத்தான். பிரேசர் டவுன் சந்துகளில் மருந்தோடு நுழைந்து, கடைசியில் இருமலோடு திரும்பினீர்கள். 'தற்காலிக ஊழியர்' என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். கடைசி நாட்களில் காசநோய் சானடோரியத்தில் படுத்துக்கொண்டும், "கூட்டத்துக்கு யார் யார் வந்தாங்க?" என்றுதான் கேட்டீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்.

மசோதா கொண்டுவர ஒப்புக்கொண்ட சட்டசபை உறுப்பினர் எங்களை வீட்டுக்கு அழைத்துக் கன்னடம் கலந்த தமிழில் பேசினார். "ஸ்வல்ப யோசிங்கம்மா. பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்னா இந்தத் தடவையே பாஸ் ஆயிடும். எல்லாருக்கும்னா கமிட்டிக்குப் போகும். போனா வெளிய வராது."

அன்று மாலை பள்ளிக்கூட வகுப்பறையில் கூடினோம். "சங்கத்தை ஆரம்பிச்சவங்களே டெம்பரரிதான். அவங்களை வெளிய விட்டுட்டு என்ன சட்டம்?" என்றேன்.

உங்களோடு ஒரே வட்டாரத்தில் சுற்றிய கமலம்மா எழுந்தார். "கிரேஸ், எக்ஸ்ரேல எனக்கும் வந்திருக்கு. ஆபீஸ்ல இன்னும் சொல்லல. நான் பர்மனென்ட். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. நான் எதுக்குக் காத்திருக்கணும், நீயே சொல்லு."

இருந்தாலும் எதிர்த்துத்தான் கை தூக்கினேன். தோற்றேன். செயலாளர் என்பதால் சம்மதக் கடிதத்தில் நானேதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: "எஸ்தருக்கு இது கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதுண்ணா."

"அப்புறம் எதுக்குப் போறே?"

"கமலம்மா உயிரோட இருக்காங்களேண்ணா."

அண்ணன் சைக்கிளை வெளியே எடுத்து, "ஏறு, நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

இப்போது கமலம்மா அதே சானடோரியத்தில் இருக்கிறார். அவருடைய இடம் காத்திருக்கிறது. முகத்தில் சதை பிடித்திருக்கிறது. தற்காலிகமாக வேலை பார்த்த லீலா என்ற பெண்ணுக்கும் நோய் வந்தது. போன வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டும் இந்தச் சட்டத்தின் பலன்தான். அன்றைய கூட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீர்கள், அண்ணி? எனக்கு இன்னும் தெரியவில்லை.

தற்காலிக ஊழியர்களையும் சேர்க்கச் சொல்லி அடுத்த மனுவை எழுதத் தொடங்கிவிட்டோம். "முதல் கையெழுத்து என்னோடது, யாரும் முந்திக்கக் கூடாது" என்று கமலம்மா கட்டிலிலிருந்தே சொல்லியனுப்பினார். அடுத்த கூட்டத்தொடருக்கு முன், லீலாவையும் அழைத்துக்கொண்டு அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போவேன். கமிட்டிக்குப் போனால் கமிட்டி வாசலுக்கும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
கிரேஸ்